கோட்டை, தறி, ஒரு நாள் டூர்

முன்குறிப்பு: கொஞ்சம் நீளம். ஊர்ப்பாசம் தூக்கலா இருக்கும். சேலம், நாமக்கல் ஆளுங்க பொறுத்துக்குவீங்க. மத்தவங்க ஒரு டீயைப் போட்டுட்டு வந்து உட்காருங்க :-)

சொகுசுக் கப்பலில் ஊர் சுத்துறவங்களுக்கு, கப்பல் துறைமுகத்தில் நிற்கும் சில மணி நேரத்துக்கென்றே தனியா டூர் விற்பார்கள். காலையில் பஸ்ஸில் ஏத்தி, சாயங்காலம் சங்கு ஊதுறதுக்குள்ள திரும்பக் கொண்டுவந்து விட்டுடணும். ஜப்பானில் இந்த வியாபாரத்துக்கு ஒரு நல்ல ஃபார்முலா இருக்கு: ஒரு கோட்டை, ஒரு துணிக்கைத்தொழில். நகோயாவில் இறங்கினால் காலையில் நகோயா கோட்டை, மத்தியானம் அரிமாட்சு. கம்பெனி என்னை அந்த ஊருக்கு நாலு மாசம் ஆணி புடுங்க அனுப்பியிருந்தப்போ, கப்பல் காசு இல்லாமலேயே ரயிலில் ரெண்டு இடத்துக்கும் போய் வந்தேன். கோட்டை எப்படி, சாப்பாடு எப்படி என்பதெல்லாம் இங்கே விஷயம் இல்லை. அந்த ரெண்டையும் ஏன் ஒரே டிக்கெட்டில் விற்க முடிகிறது, நம்ம ஊர்ல ஏன் முடியல, முடிஞ்சா நல்லதா கெட்டதா என்பதைப் பத்தித்தான் பேசப் போறேன்.

முதல்ல அரிமாட்சு. 1608-ல், எடோவையும் கியோட்டோவையும் இணைத்த தொகாய்தோ நெடுஞ்சாலையோரம் புதுசா உருவாக்கின கிராமம். விவசாயத்துக்குப் பெரிசா லாயக்கில்லாத மண். அடுத்து 1610-ல் தொகுகவா இயெயாசு பக்கத்தில் நகோயா கோட்டையைக் கட்ட ஆரம்பிக்கிறார். நாடு முழுக்க இருந்த சிற்றரசர்கள் கல்லும் ஆளும் கொண்டு வரணும்னு உத்தரவு. எந்தக் கல்லு யார் கொண்டு வந்ததுன்னு சண்டை வரக்கூடாதே, அதனால் கல்லிலேயே அடையாளம் வெட்டி வெச்சாங்க. இன்னிக்கும் சுவர்ல பாக்கலாம். அப்படிக் கோட்டை வேலைக்குத் தெற்கே கியூஷூ தீவிலிருந்து வந்த ஆட்களிடம் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்த துணி இருந்ததாம். அரிமாட்சுவில் குடியேறிய தகேதா ஷோகுரோ என்பவர் அதைப் பார்த்துத்தான் தொழிலை ஆரம்பித்தார் என்பது அந்த ஊர் சொல்லும் வரலாறு. நெடுஞ்சாலையில் போறவங்களுக்குக் கைத்துண்டு வித்தாங்க. ஹிரோஷிகே 1830-களில் வரைந்த தொகாய்தோ சித்திர வரிசையில் அந்தத் துணிக்கடையே ஒரு படமா வருது. நம்ம மதுரைச் சுங்குடிக்கு ஒண்ணுவிட்ட அண்ணன்னு வெச்சுக்குங்க. பேரு ஷிபோரி.

அதாவது, கோட்டை இல்லேன்னா அந்தத் துணி இல்லை. டூர்க்காரர் ரெண்டையும் ஒட்ட வைக்கலை, ஏற்கெனவே ஒட்டி இருந்துச்சு.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். சேலத்திலிருந்து நாற்பது கிலோமீட்டருக்குள் சங்ககிரி. இன்னொரு பக்கம் ஐம்பது சொச்சம் கிலோமீட்டரில் நாமக்கல். ரெண்டு மலைக்கோட்டைகள். நடுவில் திருச்செங்கோடு, ராசிபுரம், குமாரபாளையம், பள்ளிபாளையம், இளம்பிள்ளை. எந்த ஊர்ல பஸ்ஸை விட்டு இறங்கினாலும் தறிச்சத்தம். சேலத்துக்குள்ளேயே அம்மாபேட்டை, பொன்னம்மாபேட்டை, குகை. உலகத்துல இவ்வளவு நெருக்கமா கோட்டையும் தறியும் இருக்கிற இடம் எத்தனை இருக்கும்? சேலம் ஊருக்குள்ளயும் ஒரு கோட்டை இருந்தது, திருமணிமுத்தாற்றங்கரையில். இப்ப கோட்டை மாரியம்மன் பேர்லயும் கோட்டை அழகிரிநாதர் பேர்லயும்தான் அது மிச்சம். ஆடி மாசம் பொங்கல் வைக்க வர்ற கூட்டத்துல பத்துப் பேர்கிட்ட "கோட்டை எங்கே?"ன்னு கேட்டுப் பாருங்க.

நாமக்கல் கோட்டையைப் பத்தி ஒரு விஷயம் சொல்லணும். அந்த ஒற்றைக்கல் மலையே தரையிலிருந்து சுமார் 65 மீட்டர்தான். பாறையிலேயே வெட்டின படி. மேலே சுத்தி மதில். அந்த மதிலின் பெரிய கற்களுக்கு நடுவே சுண்ணாம்புச் சாந்து கிடையாது. செதுக்கி அடுக்கின கல்லு தன் பாரத்துலயே நிக்குது. மேலே உச்சியில் இருக்கிற கைப்பிடிச் சுவருக்குத்தான் சாந்து. ஜப்பான் கோட்டைகளின் அடித்தளச் சுவரை "இஷிகாகி"ன்னு சொல்லி, சாந்தே இல்லாம எப்படி நிக்குது பாருன்னு அங்கே வாய் பிளக்க வெக்கிறாங்க. நானும் பிளந்தேன், பொய் சொல்லக் கூடாது. ஆனா அதே வித்தை நாமக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல நிக்குது. அதைச் சொல்ல அங்கே ஒரு ஆள் இல்லை.

இன்னொண்ணும் சொல்லணும். நகோயா கோட்டையின் அசல் மாடக்கோபுரம் 1945 மே மாச விமானக் குண்டுவீச்சில் எரிஞ்சு போச்சு. 1959-ல் கட்டினது கான்கிரீட், லிஃப்ட் வெச்சது. அதையும் நிலநடுக்கத்தைத் தாங்காதுன்னு 2018 மே மாசம் மூடிட்டாங்க. திரும்ப மரத்துலயே கட்டணும்னு ஒரு திட்டம், அதுல லிஃப்ட் வேணுமா வேணாமான்னு வருஷக்கணக்கா வழக்கு மாதிரி ஒரு விவாதம். அசல் மாடக்கோபுரத்தோட இருக்கிற கோட்டைகள் ஜப்பான்ல மொத்தமே 12தான். ஹிமேஜி அதுல ஒண்ணு. அது 1993-ல் உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்ந்தது. மத்த பல இடத்துல மக்கள் வரிசையில நின்னு பாக்கிறது இருபதாம் நூற்றாண்டுக் கான்கிரீட்டை. நம்மகிட்ட இருக்கிறது இடிஞ்சதோ உடைஞ்சதோ, அசல். அதனால "நாமும் ஜப்பான் மாதிரி கோட்டையைப் புதுப்பிச்சுக் கட்டணும்"னு யாராவது கிளம்பினா, தயவு செஞ்சு உட்கார வைங்க. சிமெண்ட் மூட்டையோட மலை ஏறவே வேணாம். குடிதண்ணி, கழிப்பறை, வழுக்காத படி, விவரம் சொல்ல ஒரு ஆள். இது போதும்.

சங்ககிரி வேற ஜாதி. ஏற ஏற ஒண்ணு பின்னாடி ஒண்ணா வாசல்கள் வந்துகிட்டே இருக்கும். பெருமாள் கோயிலும் இருக்கு, தர்காவும் இருக்கு. விஜயநகரக் காலத்துக் கோட்டை, பிற்பாடு மைசூர்க்காரங்க கையில. 1805 ஜூலை 31-ல் தீரன் சின்னமலையைக் கம்பெனிக்காரங்க தூக்கிலிட்டது இங்கேதான். கோட்டைகளுக்குள்ள சண்டை மட்டும் நடக்கலை. கொங்குப் பக்கத்து வரிப்பணமும் தானியமும் வந்து சேர்ற கிடங்காவும் சங்ககிரி இருந்தது. என் வாதத்துக்கு இதுதான் முக்கியம்.

ஏன்னா நகோயா கதைக்கு நம்ம பதில் இங்கே இருக்கு. அங்கே கோட்டை வேலைக்கு வந்தவன் தொழில் கொடுத்தான். உள்ளூர்ப் பிரபுவும் அரிமாட்சுக்குச் சலுகை கொடுத்து வளர்த்தான். (சும்மா இல்லை, அவனுக்கும் அதில் வருமானம்.) இங்கே சோழர் கல்வெட்டிலிருந்து விஜயநகரக் கல்வெட்டு வரைக்கும் தறி இறைன்னு ஒரு வரி வந்துகிட்டே இருக்கு. ஒரு தறிக்கு இவ்வளவுன்னு கட்டணும். 1792-ல் திப்புவிடமிருந்து இந்தப் பகுதி கம்பெனி கைக்கு மாறினப்போ, அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியா வந்த தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து வரி போட்டாங்க. தறிக்கும் மொதர்பான்னு பேர் வெச்சு வரி தொடர்ந்தது. அதே கம்பெனி சேலத்தில் ஒரு வணிக அதிகாரியை வெச்சு நெசவாளிகிட்ட துணியும் வாங்கியது. ஒரு கையில் வரி, இன்னொரு கையில் கொள்முதல், ரெண்டு விலையையும் நிர்ணயிக்கிறது ஒரே ஆள். நம்ம ஊரில் கோட்டையும் தறியும் ஒட்டியிருக்கிறது இப்படித்தான். கொஞ்சம் கசப்பான ஒட்டு. ஆனா சுவையான கதை. எந்தச் சுற்றுலா வழிகாட்டியும் இதைச் சொல்லிக் கேட்டதில்லை.

இப்ப என் வீட்டுக் கதை கொஞ்சம். தாத்தா அம்மாபேட்டையில் குழித்தறி போட்டவர். அப்பா விசைத்தறிக்கு மாறி, பிறகு அதையும் விட்டார். நான் இன்ஜினியரிங் முடிச்சு பொட்டி தட்டுறேன். பெரியப்பா மட்டும் இன்னும் குழிக்குள்ள காலைத் தொங்கப் போட்டுக்கிட்டு வெண்பட்டு வேட்டி நெய்யறார். சேலம் வெண்பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. அதை ஒரு தடவை பெருமையா அவர்கிட்ட சொன்னேன். "அப்படியா சாமி, அதுக்குக் கூலில எத்தனை சேர்ப்பாங்க?"ன்னு கேட்டார். வேட்டி ஒண்ணுக்கு இப்ப என்ன கூலின்னு கேட்டேன், சொன்னார். அடுத்த கேள்வி நான் கேக்கலை. அவரோட ரெண்டு பசங்களும் சென்னையில இருக்காங்க. அந்தத் தறியில அடுத்து உட்கார ஆள் கிடையாது. எங்க தெருவுல மட்டும் இப்படி எத்தனை வீடுன்னு எண்ண ஆரம்பிச்சா விரல் பத்தாது.

அதனாலதான் எனக்கு இந்தக் கோட்டை-துணி டூர் விஷயத்தில் ஆசையும் இருக்கு, பயமும் இருக்கு.

பயம் என்னன்னா, மிருகக்காட்சிசாலை. பஸ்ஸில வந்து இறங்கி, ஒருத்தர் வேலை செய்யறதை அஞ்சு நிமிஷம் வேடிக்கை பார்த்து, ஃபோட்டோ எடுத்து, "ஹவ் நைஸ்" சொல்லிட்டு ஏறிப் போறது. அந்த அஞ்சு நிமிஷமும் நாடா ஓடாது. கூலி என்பது துணிக்குத்தானே, நிமிஷத்துக்கு இல்லையே? வேடிக்கை காட்டினவருக்கு நஷ்டம், கூட்டிட்டு வந்தவருக்கு லாபம். கோயில் ஊர்களில் பட்டுச்சேலை எடுக்கக் கூட்டிப்போகும் ஆட்டோக்காரருக்கும் கைடுக்கும் கடையில் கமிஷன் போகும் கதை உங்களுக்குப் புதுசில்லை. அந்தக் கமிஷன் கடைசியில யார் கூலியிலேர்ந்து வருதுன்னு யோசிச்சிருக்கீங்களா?

அரிமாட்சுவில் இதை ஓரளவுக்குச் சரியா செஞ்சிருக்காங்க. ஒரு கூடத்துல வயசான பெண்கள் உட்கார்ந்து முடிச்சுப் போடறாங்க. அது அவங்களுக்கு அங்கே வேலை. பார்க்கறதுக்கு மட்டும் இல்லாம, காசு கட்டினா நீங்களே ஒரு கைக்குட்டையில முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்க்கலாம். நான் செஞ்சது, எங்க வீட்டுத் தரை துடைக்கிற துணிக்குக் கொஞ்சம் மேல இருந்தது. அந்தப் பாட்டி சிரிக்காம இருக்க ரொம்பக் கஷ்டப்பட்டாங்க. கடையில் விலைச்சீட்டைப் பாத்து "என்னய்யா இந்த விலை?"ன்னு அதுக்கு முன்னாடி முனகினவன், அப்புறம் முனகலை. அங்கே நூற்றுக்கும் மேல முடிச்சு வகைகள் இருக்கு. ஒருத்தர் வாழ்நாள் முழுக்க ஒரு வகையைத்தான் செய்வாராம். 1974-ல் பாரம்பரியக் கைத்தொழில்களுக்குன்னு ஜப்பானில் ஒரு சட்டமே வந்தது, அடுத்த வருஷமே இந்த ஷிபோரி அதில் சேர்ந்தது. அதுக்காக அங்கே எல்லாம் தேனும் பாலுமா ஓடுதுன்னு நினைக்காதீங்க. கிமோனோ கட்டுறவங்க குறைஞ்சாச்சு, முடிச்சுப் போடும் வேலையில நிறைய சீனாவுக்குப் போயாச்சு, முடிச்சுப் போடறவங்களுக்கெல்லாம் வயசாச்சு. அந்த ஊர்த் தொழில் குடும்பத்துப் பையன் ஒருத்தர் ஜெர்மனிக்குப் போய், 2008-ல் அங்கிருந்து ஷிபோரியை ஸ்கார்ஃபும் விளக்கு மூடியுமா விற்க ஆரம்பிச்சு, இன்னிக்கு உள்ளூர் ஆட்களுக்கு வேலை கொடுக்கிறார். டூர் மட்டும் அந்த ஊரைக் காப்பாத்தலை.

நம்ம ஊர்ல இதை எப்படிச் செய்யலாம்? வெண்பட்டுத் தறியில வர்றவங்களை எல்லாம் உட்கார வைக்க முடியாது. ஒரு பட்டு இழை அறுந்தா அதை முடிஞ்சு எடுக்கிற வலி பெரியப்பாவைக் கேட்டாத் தெரியும். ஆனா குமாரபாளையத்துக்கு ஆத்துக்கு அந்தப் பக்கம் பவானி. காவிரிப் பாலத்தைத் தாண்டினா ஜமுக்காளத் தறி. அந்தத் தறியோட அழகே, ஒரே தறியில ரெண்டு பேர் பக்கத்துப் பக்கத்துல உட்கார்ந்து நாடாவைக் கைமாத்தி நெய்யறதுதான். மொத்த நூல், சீக்கிரம் அறுந்து தொலைக்காது. ஒரு பக்கம் நெசவாளி, இன்னொரு பக்கம் வந்த விருந்தாளி. கத்துக்கிட்டே நெய்யலாம், பேசிக்கிட்டே நெய்யலாம். சுற்றுலாவுக்குன்னே யாரோ வடிவமைச்ச மாதிரி இருக்கு! மணிக்கணக்குக் காசு, அதுவும் நேரா நெசவாளி கைக்கு. துணி வாங்கினா அது தனிக்கணக்கு.

அடுத்தது, உண்மையைச் சொல்றது. கைத்தறின்னு சொல்லி விசைத்தறித் துணியை வித்தா இந்த டூரே வேஸ்ட். 1985-ல் கைத்தறிக்குன்னு 22 ரகங்களை ஒதுக்கிச் சட்டம் போட்டாங்க. அப்புறம் அதை 11-ஆ சுருக்கிட்டாங்க. அந்தப் பதினொண்ணும் கைத்தறியில மட்டும்தான் வருதான்னு நம்ம பக்கத்துல யாரைக் கேட்டாலும் ஒரு சிரிப்பு சிரிப்பாங்க. 2006-ல் கைத்தறி முத்திரை வந்தது, 2015-ல் இந்தியக் கைத்தறி பிராண்டு வந்தது. வாங்குறவங்கள்ல எத்தனை பேர் முத்திரையைத் தேடிப் பாக்குறாங்க? தறியைக் கண்ணால பாத்து, அதே தறியில இறங்கின துணியை வாங்கினா முத்திரையே தேவையில்லை. டூருக்கு ஆதரவா நான் வைக்கிற பெரிய வாதம் இதுதான், அந்நியச் செலாவணி எல்லாம் அப்புறம்.

அதுக்காக விசைத்தறியை ஒளிச்சு வைக்கவும் வேணாம். பள்ளிபாளையம் பக்கம் ஒரு விசைத்தறிக் கொட்டகைக்குள்ள பத்து நிமிஷம் நிக்க வைக்கலாம். காது அடைச்சுப் போகும். சாயப்பட்டறைத் தண்ணி எங்கே போகுதுன்னும் காட்டலாம், காவிரி பக்கத்துலதானே இருக்கு. சங்கடமாத்தான் இருக்கும். கப்பல் டூர்ல இதெல்லாம் காட்ட மாட்டாங்க. ஆனா நம்ம ஊர் ஜனத்துல பெரும்பங்கு சோறு தின்னுறது அந்தச் சத்தத்துலதான். கைத்தறியை மட்டும் பூப்போட்டுக் காட்டினா, எங்க அப்பா தலைமுறையே நடக்காத மாதிரி ஆயிடும்.

"எல்லாம் சரிப்பா, நாமக்கல்லுக்கு எங்கேர்ந்து கப்பல் வரும்?"னு கேப்பீங்க. நியாயம். 2022-ல் சென்னையிலிருந்து ஒரு சொகுசுக் கப்பல் கிளம்புச்சு, அது விசாகப்பட்டினம் பக்கம் போச்சு. நமக்குக் கடலே ரொம்பத் தள்ளி. ஆனா நம்மகிட்ட கப்பலை விடப் பெரிய சமாச்சாரம் இருக்கு: ஆஞ்சநேயர். கூரை இல்லாம வெயில்லயும் மழையிலயும் நிக்கிற 18 அடி உயர ஆஞ்சநேயர். அனுமன் ஜெயந்திக்கு 1,00,008 வடையில மாலை. அதைப் பாக்க வர்ற பஸ், வேன், கார் எல்லாம் கோட்டைக்குக் கீழேதான் நிக்குது. நரசிம்மரைக் குடைவரையில பாத்துட்டு, வடையைத் தின்னுட்டு, அப்படியே கொல்லிமலைக்கோ ஏற்காட்டுக்கோ கிளம்பிடறாங்க. தலைக்கு மேல கோட்டை இருக்குன்னு அண்ணாந்து பார்த்து "பரவால்ல, நல்லா இருக்கு"ன்னு சொல்லிட்டு வண்டி ஏறுறவங்களை நானே எண்ணியிருக்கேன். 1768-ல் கர்னல் வுட் இந்தக் கோட்டையைப் பிடிச்சதும், அந்த வருஷம் முடியறதுக்குள்ள ஹைதர் அலி திரும்பப் பிடுங்கினதும் அவங்களுக்கு யார் சொல்றது? பயணிகள் வந்தாச்சு. அவங்களுக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் இங்கே இருக்க ஒரு காரணம் வேணும், அவ்வளவுதான்.

இடமும் இருக்கு. நம்ம பக்கத்து நெசவு ஊர்ல எல்லாம் பாவடின்னு ஒரு பொதுத்திடல் உண்டு. பாவை நீளமா இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, காய வைக்க விட்ட இடம். விடிகாலையில தெரு ஜனமே சேர்ந்து பாவு ஆத்தின காலத்தை அப்பா சொல்லுவார். இப்ப பல பாவடியில பசங்க கிரிக்கெட் ஆடுறாங்க, கார் நிக்குது, கட்சி மீட்டிங் நடக்குது. சேலத்தில் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கு, படிக்கிற பிள்ளைங்க இருக்காங்க. பாதி நாள் வழிகாட்டியா வேலை கொடுத்தா வேணாம்னா சொல்வாங்க? பாவு எது, ஊடை எதுன்னு தெரிஞ்சவங்க அவங்க.

பெரிசா மாஸ்டர் பிளான் போட்டு, அறிக்கை எழுதி, அஞ்சு வருஷம் ஃபைல் சுத்துறதுல எனக்கு நம்பிக்கை இல்லை. சாஃப்ட்வேர்ல சொல்ற மாதிரி முதல்ல ஒரு பைலட் ஓட்டிப் பாக்கணும். வருஷா வருஷம் ஆடிப் பதினெட்டுக்குத் தீரன் சின்னமலை நினைவுநாள்னு சங்ககிரியில கூட்டம் கூடும். மாலை போடுவாங்க, மந்திரிகள் வருவாங்க, ஜனம் அடிவாரத்துல சும்மா நிக்கும். அன்னிக்கு அங்கே ஒரு கொட்டாய் போட்டு, பவானியிலிருந்து ஒரே ஒரு ஜமுக்காளத் தறியையும் ஒரு நெசவாளியையும் கொண்டுவந்து, பக்கத்து எடத்தைக் காலியா விட்டு உட்கார வைக்கலாம். அன்னிக்கு அவருக்கு ரெண்டு நாள் கூலி. யார் வேணும்னாலும் உட்காரலாம், கால் மணி நேரத்துக்கு இத்தனை ரூபாய்னு ஒரு போர்டு. முதல் ஆளா உட்கார நான் ரெடி. ரெண்டாவது ஆள் வர்றாரான்னு பாத்துட்டு மத்ததைப் பேசலாம்.